சனிக்கிழமைத் தலைமுழுக்கு

தலமுழுவிட்டாவ என்றுதான் அம்மா சொன்னாள், அதில் சந்தேகமே இல்லை. "ஏட்டி ஆவுட, ஒங்கப்பா காலைலயே தலமுழுவிட்டாவ" என்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள், அதற்குள் ஒலிபெருக்கி அலறிவிட்டது. ஆயிரத்தைந்நூறு மீட்டர் பெண்கள் எல்லாரும் உடனே வரிசைக்கு வரவேண்டுமாம். பயிற்சி கொடுக்கும் ரெஜினா மிஸ் வந்தார், போனைப் பிடுங்காத குறையாகக் காதிலிருந்து எடுத்தார், மிச்சத்தை நீந்திவிட்டு வந்து பேசிக்கொள் என்று தோள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அந்த ஜிப்புக்குள் அம்மா இன்னும் பேசிக்கொண்டேதான் இருந்திருப்பாள். எதிர்முனையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அம்மாவுக்கு ஒரு பொருட்டே கிடையாது. போட்டியாளர்கள் காத்திருக்கும் கூடத்துக்குள் போனுக்கு அனுமதி இல்லை. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் எட்டுப் பெண்கள், ஒருத்தி காதில் பஞ்சு அடைத்துக்கொள்கிறாள், ஒருத்தி கண்ணை மூடிக் கைகளைக் காற்றில் போட்டு நீந்துகிறாள், ஒருத்தி கொட்டாவி விடுகிறாள். ஆவுடைச்செல்வி நீச்சல் கண்ணாடியின் ரப்பர் வாரை இழுப்பதும் விடுவதுமாக உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலியிலிருந்து மிஸ்ஸோடு ரயிலேறிச் சென்னைக்கு இவ்வளவு தூரம் வந்தது இந்த ஒரு காலைக்குத்தான். மாநிலப் போட்டி, முதல் இரண்டு பேருக்குத் தமிழ்நாட்டு அணியில் இடம். பிளஸ் டூ படிக்கிற பெண், போன மழைக்காலத்திலிருந்து இதைத் தவிர வேறு நினைப்பில்லாமல்தான் இருந்தாள். இப்போது பார்த்தால் தலைக்குள் அந்த ஒரு வார்த்தை மட்டும் மிச்சமிருக்கிறது. எதை முழுகினார்? யாரை? அம்மாவின் குரல் ஏன் அப்படி இருந்தது? வாங்க போகலாம் என்று ஒரு அம்மாள் சீட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு அழைத்துக்கொண்டு போனார். வெயில் இன்னும் ஏறவில்லை, குளத்தின் மேல் லேசாகப் புகை மாதிரி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

விசில், மேடைமேல் ஏறு, குனி, விளிம்பைப் பிடி, பீப். தண்ணீருக்குள் போன முதல் நொடியில் எப்போதும்போல ஒன்றுமே இல்லை. அப்பா இல்லை, சென்னை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, காதில் ஒரு அடைப்பு, தோளில் ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான். மேலே வந்து முதல் கையைப் போட்டதும் எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்து நின்றுகொண்டன, விருந்தாளிகள் வாசலில் நிற்கிற மாதிரி. மூன்று கைக்கு ஒரு மூச்சு. ஒரு மூச்சு இந்தப் பக்கம், அடுத்த மூச்சு அந்தப் பக்கம். ஒரு பக்கம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள், வண்ணக் குடைகள், யாரோ ஒருவர் சட்டையைத் தலைமேல் போட்டிருக்கிறார். மறுபக்கம் பக்கத்துத் தடத்தில் நீலத் தொப்பி, கோயம்புத்தூர்ப் பெண், நீளமான கை, அவசரப்படாத கை. அதற்கும் அந்தப் பக்கம் சென்னைப் பெண் இப்போதே அரை உடம்பு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள், அவளை இன்றைக்கு யாரும் பிடிக்கமுடியாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆக, இரண்டாவது இடம் நீலத் தொப்பிக்கா ஆவுடைக்கா என்பதுதான். மிஸ் சொல்லியிருந்தார், முப்பது நீளத்தில் முதல் பத்தைக் கடைக்குப் போகிற மாதிரி போக வேண்டும், அடுத்த பத்தைக் கடை மூடப்போகிறான் என்று தெரிந்த மாதிரி, கடைசிப் பத்தைக் கடையை மூடிவிட்டான் என்று தெரிந்த பிறகு கதவைத் தட்டுகிறவன் மாதிரி. கடைக்குப் போ, கடைக்குப் போ என்று சொல்லிக்கொண்டாள். கை கேட்கவில்லை. கை தானாக வேறொன்றுக்கு விழுந்துகொண்டிருந்தது. தல, முழு, விட்டாவ, மூச்சு. தல, முழு, விட்டாவ, மூச்சு. மூன்று கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அல்லவா இருக்கிறது அந்தப் பாழாய்ப்போன வார்த்தை. சுவர் வந்தது, குட்டிக்கரணம் போட்டாள், கால் சுவரில் பதிந்தது, உந்தினாள், மறுபடியும் தல, முழு.

இன்றைக்குச் சனிக்கிழமை. அட, சனிக்கிழமை. இதற்குப் போயா இவ்வளவு. சனிக்கிழமை என்றால் அப்பா எண்ணெய் தேய்த்துத்தானே குளிப்பார். வெறும் துண்டோடு பின்வாசலில் உட்கார்ந்து நல்லெண்ணெயை உச்சியில் வைத்துப் படபடவென்று தட்டுவார், சீயக்காய் கண்ணில் பட்டு முகத்தைக் கோணுவார், சாப்பிட்டதும் கண் சிவந்து சொக்கிப்போய், மோட்டார் எரிந்துவிட்டது என்று யார் வந்து நின்றாலும் சாயங்காலம் பார்ப்போம் என்பார். அதைத்தான் அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பா குளித்தாயிற்று, நீ சாப்பிட்டாயா, இட்லி கிடைத்ததா என்று அடுத்துக் கேட்கப்போனாள், அதற்குள் போன் போய்விட்டது. இரண்டு நீளம் நிம்மதியாகப் போனது. கை நீண்டது, தண்ணீர் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது, அடியில் கறுப்புக் கோடு ஒரு சத்தமும் போடாமல் கூடவே வந்தது. மூன்றாவது நீளத்தில்தான் முள் தட்டியது. எண்ணெய்க் குளிப்பை அம்மா என்றைக்குத் தலைமுழுகுவது என்று சொல்லியிருக்கிறாள்? எண்ணெ தேச்சுக் குளிச்சாவ என்பாள். தலைக்குக் குளிச்சாவ என்பாள். தலைமுழுகுவது வேறே. அந்த வார்த்தை அந்த வீட்டில் தாழ்வாரத்தில் காயப்போடுகிற சாதாரணத் துணி இல்லை, பீரோவுக்குள் இருப்பது, இரண்டு காரியத்துக்குத்தான் வெளியே எடுப்பார்கள். சாவுக்கு ஒன்று. உறவை அறுக்கிறதற்கு ஒன்று. சித்தி மகன் கடன்காரர்களுக்குப் பயந்து ஓடிப்போனபோது சித்தப்பா அப்படித்தான் சொன்னார், அவனத் தலமுழுவியாச்சு என்று, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பையனின் பெயரை யாரும் எடுக்கவில்லை, சுவரிலிருந்த அவன் படத்தைக்கூட எடுத்துவிட்டார்கள், ஆணி மட்டும் இருந்தது.

அந்த வார்த்தையைக் கடைக்குள் கொண்டுவந்து போட்டது பெரியப்பா. அப்பாவும் பெரியப்பாவும் டவுனில் சேர்ந்து வைத்திருப்பது மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. கருகிப்போன மோட்டாரைத் திறந்து பழைய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்ட வேண்டும். சுற்று ஒன்று குறைந்தாலும் கூடினாலும் மோட்டார் மறுபடியும் புகையும். ஆகவே காயில் கட்டும்போது அப்பா பேசமாட்டார். பேசியே ஆகவேண்டும் என்றால் எந்தச் சுற்றில் நிற்கிறாரோ அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்வார், எண்ணிக்கை தப்பிப்போகாமல் இருப்பதற்கு. சாப்பிட வாரீங்களா என்றால் நூத்திப் பதினாறு. சிலிண்டர்காரன் வந்திருக்கான் என்றால் நூத்தி இருபது. நான் ஒரு நம்பரக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துதேன் என்று அம்மா தெருவில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். மாவட்டப் போட்டியில் ஆவுடை ஜெயித்தபோது பேப்பரில் படம் வந்தது. மேடைமேல் நீச்சலுடையோடு, ஈரத்தோடு, கழுத்தில் பதக்கம். அம்மா அதைப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு, ஒரு துண்டப் போத்தியிருக்கலாம் என்றாள். அப்பா கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அன்று மத்தியானம் அவள் கடையில் இருந்தாள். அங்கேதான் அவளுக்கு முட்டை. சைவ வீடு, வீட்டில் முட்டை வாசமே ஏறாது, ஆனால் மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், தினம் முட்டை சாப்பிடாவிட்டால் உடம்பு தாங்காது என்று. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கடையின் பின்பக்கம் பழைய கம்பியில் ஒரு ஹீட்டர் கட்டி, வார்னிஷ் டப்பாக்களுக்கு நடுவே தினமும் மூன்று முட்டை அவித்து வைத்தார். பெரியப்பா வருகிற நேரம் பார்த்து முட்டை ஓடுகளையெல்லாம் பேப்பரில் சுருட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் போடுவார். அன்றைக்கு அவள் பின்பக்கம் நின்று முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா உள்ளே வந்தார். கையில் அதே பேப்பர், சின்னதாக மடித்து வைத்திருந்தார். மேசைமேல் படம் அடியில் போகிற மாதிரி கவிழ்த்துப் போட்டார். "டீக்கடையில நாலு பேரு கேட்டான், இது ஒங்க வீட்டுப் பிள்ளையா அண்ணாச்சின்னு. நான் ஆமான்னு சொல்லல. கேட்டுக்கிட்டியால தம்பி, ஆமான்னு என் வாயில வரல." அப்பாவின் கை சுற்றிக்கொண்டே இருந்தது. பெரியப்பா கத்துகிற ஆள் இல்லை, அதுதான் பயம். ஒண்ணு, அவ அந்த நீச்சலத் தலமுழுவணும், இல்ல, நான் ஒன்னத் தலமுழுவணும், என்ன சொல்லுத என்று கேட்டார். அப்பா நிமிரவில்லை. "நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்றார்.

நூற்று நாற்பத்திரண்டு. அதுதான் பதில். பெரியப்பா ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். கடைசிச் சுற்றைச் சுற்றி, நூலால் கட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அப்பா பின்பக்கம் வந்து பார்த்தார், முட்ட ஆறுது, சாப்பிடு என்றார். அதற்கு அப்புறம் நீச்சலைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. விடியற்காலையில் எப்போதும்போல ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் குளத்து வாசலில் விட்டார், எப்போதும்போலத் திரும்பி வந்து கூட்டிப்போனார், முட்டையும் அவிந்தது. பேச்சு மட்டும் இல்லை. முதலில் எல்லாம் வண்டியில் வரும்போது இன்றைக்குத் தண்ணி எப்படி என்று கேட்பார். தண்ணி எப்படி என்று கேட்கிற ஆள் ஊரிலேயே அவர் ஒருவர்தான், மற்ற எல்லாரும் நேரம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். குளோரினில் அவள் தலைமயிர் செம்பட்டை பாய்ந்து, அம்மா ஒப்பாரி வைத்தபோது, நம்ம செம்புக் கம்பி கலரு, விடு என்று சிரித்தவர். ஜன்னல் கம்பியில் ரப்பர் குழாயைக் கட்டி அவள் தோளுக்குப் பயிற்சி செய்வதைப் பார்த்து, அந்தக் கம்பியை ஒருநாள் ஆளில்லாத நேரத்தில் இன்னும் ஆழமாகச் சிமெண்டு வைத்துப் பதித்தவர். ரயிலேற வேண்டிய அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வரவில்லை. களக்காட்டுப் பக்கம் ஒரு மோட்டார் மாட்டிக்கிட்டாம், போயிருக்காவ என்று அம்மா சொன்னாள், சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோவில் போனார்கள். மோட்டார் மாட்டிக்கொண்டதாம். எத்தனை மோட்டார் மாட்டிக்கொண்டாலும் அவள் எங்கே போனாலும் வழியனுப்ப வருகிறவர். இல்லை, யோசித்து முடித்துவிட்டார். எண்ணி முடித்துவிட்டார். இந்தப் போட்டிக்குப் போய்விட்டு வரட்டும், அதோடு போதும் என்று இன்று காலையில் அம்மாவிடம் சொல்லியிருப்பார். அம்மா உடனே போனைப் போட்டிருக்கிறாள். எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவள், போட்டிக்கு முன்னால் சொல்லலாமா பின்னால் சொல்லலாமா என்றெல்லாம் தெரியாதவள். தல, முழு, விட்டாவ. மூச்சு. நீலத் தொப்பி முன்னால் போய்க்கொண்டிருந்தது. எப்போது போனாள்? இப்போதுதானே பக்கத்தில் இருந்தாள். அவளுடைய கால் உதைக்கிற நுரை மட்டும் தெரிந்தது.

தடத்தைப் பிரிக்கிற கயிற்றில் கை உரசியது. வலது பக்கம் ஒதுங்கிவிட்டிருக்கிறாள், பழைய வியாதி. கிணற்றில் நீச்சல் படித்தவளுக்கு நேராகப் போகத் தெரியாது, கிணற்றில் எங்கே நேராகப் போவது, சுற்றத்தான் வேண்டும். முதன்முதலாகக் குளத்துக்கு வந்தபோது பத்து கை போடுவதற்குள் பக்கத்துத் தடத்துக்குப் போய் ஒரு பையன் முதுகில் ஏறிவிட்டாள். சுத்தி வாரதுக்கு இங்க சாமி இல்லட்டி என்று மிஸ் கத்தினார். நேராக்குவதற்கு இரண்டு வருஷம் பிடித்தது, இன்றைக்கும் மனசு தடுமாறினால் உடம்பு வலது பக்கம் சாய்ந்துவிடும். அந்தக் கிணறு மானூர்ப் பக்கம், யாருடைய தோட்டமோ. அடைத்துக்கொண்ட மோட்டாரைத் தூக்க அப்பாவும் பெரியப்பாவும் போயிருந்தார்கள், அவளும் போயிருந்தாள், ஆறு வயசு. வேலை முடிந்ததும் அவள் முதுகில் ஒரு வெள்ளைக் கேனைக் கட்டி இடுப்பில் கயிற்றைக் கட்டினார்கள். அப்பா முதலில் குதித்து உள்ளே நின்றுகொண்டு வா வா என்றார். கயிறு பெரியப்பா கையில். கரையில் குத்தவைத்து, பீடியைக் காதில் செருகிக்கொண்டு, விடுடா விடுடா, நான் பிடிச்சிருக்கேன், எங்கயும் போவமாட்டா என்று அப்பாவிடம் சொன்னவர் பெரியப்பாதான். கயிறு இறுகும் தளரும், இறுகும் தளரும், அந்தக் கை எப்போது பிடிக்க வேண்டும் எப்போது விட வேண்டும் என்று தெரிந்த கை. அந்த மனுஷர்தான் ஆமான்னு என் வாயில வரல என்றார். அப்பாவுக்கு அவர் அண்ணன் மட்டும் இல்லை. தாத்தா இறந்தபோது அப்பாவுக்கு ஒன்பது வயசு, அரை டிராயரோடு கூட்டிக்கொண்டுபோய்க் கம்பி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது பெரியப்பா, பெண் பார்த்துக் கட்டிவைத்தது பெரியப்பா. அப்படிப்பட்ட அண்ணனா, தண்ணீரில் முப்பது தடவை அங்கும் இங்கும் போய்வருகிற பெண்ணா என்று கேட்டால் யார்தான் என்ன சொல்வார்கள். அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் குற்றம் சொல்லவில்லை. சுவர், குட்டிக்கரணம், உந்து. அடியில் பலகை தெரிந்தது, இத்தனை நீளம் மிச்சம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பையன் தண்ணீருக்குள் இறக்கிக் காட்டுகிற பலகை, அதில் பதின்மூன்று என்று போட்டிருந்தது, அவள் பார்த்தாள், பார்த்தது எங்கோ போய்விட்டது.

அல்லது சாவு. அதை இவ்வளவு நேரம் ஏன் நினைக்கவில்லை? துட்டிச் சேதி வந்தால் பங்காளிகள் இருந்த இடத்திலேயே தலைமுழுக வேண்டும், அது முறை, காலை மாலை பார்ப்பதில்லை. காலைலயே என்றாளே அம்மா. காலைலயே தலமுழுவிட்டாவ. உறவை அறுக்கிறதற்குக் காலை என்ன மாலை என்ன, சாவுக்குத்தான் அந்தக் காலைலயே. அப்படியானால் யாரோ போய்விட்டார்கள். யாரோ தூரத்துப் பங்காளி, வீரவநல்லூரில் ஒரு கிழவர் இருக்கிறார், ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருக்கிறார், அவராக இருக்கும். உடம்பு லேசானது. அவராக இருந்தால் நீச்சல் போகாது, அப்பா போகமாட்டார், எதுவும் போகாது. கை நன்றாக விழுந்தது, தண்ணீரை அள்ளிப் பின்னால் எறிந்தது, அவராகத்தான் இருக்கும், அவராக இருக்கட்டும், அவராக இல்லாவிட்டால் பெரியப்பா, பெரியப்பாவுக்குத்தான் போன வருஷம் நெஞ்சில் அடைப்பு வந்து மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தது, பெரியப்பாவாக இருந்தால் பிறகு யார் வந்து அப்பாவிடம், என்று ஓடிக்கொண்டிருந்த நினைப்பு தன்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டது. மூச்செடுக்க வேண்டிய இடத்தில் வாயைத் திறந்தவள் தண்ணீரைக் குடித்தாள். மூக்கு எரிந்தது, தொண்டை இழுத்துப் பிடித்தது, இரண்டு கை காற்றைத் துழாவியது. நானா நினைத்தேன்? கயிறு பிடித்த கையையா? நின்றுவிடலாம் போலிருந்தது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கிவிடலாம், தண்ணீரில் இருமி முடித்துவிட்டு இல்லை இல்லை என்று யாரிடமாவது சொல்லலாம். ஆனால் உடம்பு நிற்கவில்லை. இத்தனை வருஷம் விடியக்கருக்கலில் எழுந்து பழகிய உடம்பு, கல்யாண வீட்டுக்குப் போகாமல், திருவிழாவுக்குப் போகாமல், ராத்திரி ஒன்பதுக்குள் தூங்கித் தூங்கிப் பழகிய உடம்பு, மனசு எங்கே போனாலும் நீ போய்விட்டு வா, நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று போய்க்கொண்டே இருந்தது. இருமல் தண்ணீருக்குள்ளேயே குமிழாகப் போனது. சுவரில் திரும்பும்போது பலகையைப் பார்க்க விட்டுவிட்டாள். ஏழா, ஒன்பதா? இன்னும் எத்தனை? எண்ணிக்கை போயே போய்விட்டது.

எண்ணிக்கை போனபோது ஒரு அமைதி வந்தது. சொல்லி வந்ததில்லை, மின்சாரம் போன வீட்டில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த விசிறிச் சத்தம் நின்ற பிறகுதான் அப்படி ஒன்று ஓடியதே தெரிவது மாதிரி. எத்தனை நீளம் மிச்சம் என்று தெரியாது. அப்பா என்ன முடிவெடுத்தார் என்று தெரியாது. யார் இருக்கிறார், யார் இல்லை, ஒன்றும் தெரியாது. தெரிவது தண்ணீர் மட்டும். தண்ணி எப்படி? இன்றைக்குக் கொஞ்சம் கனமாக இருக்கிறது அப்பா, நம்ம ஊர்த் தண்ணியைவிட வழுவழுப்பு, அடியில் வெயில் வலை மாதிரி ஆடுகிறது, வலைக்குள் என் நிழல் போகிறது, நிழல் என்னைவிட நேராகப் போகிறது. தல முழு என்பது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதுதான் கடைசி என்றால் கடைசியாகவே இருக்கட்டும், கடைசித் தண்ணீர் என்பதற்காக அது வேறு மாதிரியா இருக்கப்போகிறது, இதே ஈரம்தானே. ஆனால் விடுகிறதாக இருந்தாலும் நான்தான் விட வேண்டும், இன்னொருவர் எனக்காக முழுக முடியாது. அது கோபமா என்று பார்த்தாள், கோபம் இல்லை. ஒரு பொருளை எந்த இடத்தில் வைக்க வேண்டுமோ அங்கே வைத்த மாதிரி இருந்தது. அடுத்த தடவை பலகை வந்தபோது ஐந்து என்று போட்டிருந்தது. ஐந்துதானா. இன்னும் பத்து இருக்கும் என்றல்லவா கை தன்னைச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தது. நீலத் தொப்பி ஒரு உடம்பு நீளம் முன்னால். கடை மூடிவிட்டான். காலை உதைக்க ஆரம்பித்தாள். தொடை பற்றியது, தோளில் பழைய இடத்தில் ஒரு ஊசி, பரவாயில்லை, இரண்டு கைக்கு ஒரு மூச்சு. நீலத் தொப்பியின் பாதம் தெரிந்தது, பிறகு இடுப்பு தெரிந்தது. கடைசி நூறு மீட்டர் என்று மணி அடித்தார்கள். அந்தப் பெண்ணின் வாய் ஒரு பக்கமாகத் திறந்து காற்றைக் கடிப்பது தெரிந்தது. பாவம், அவளும் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாளோ, அவளுக்கும் வீட்டில் யார் என்ன சொன்னார்களோ. கடைசித் திருப்பத்தில் இருவரும் சேர்ந்துதான் சுவரை உதைத்தார்கள். அதற்குப் பிறகு ஆவுடைக்கு நினைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, நுரை, வெளிச்சம், நுரை, சுவர்.

சுவரைத் தொட்ட கையை எடுக்காமல் அப்படியே தொங்கினாள். காதுக்குள் இதயம் இடித்தது. நீலத் தொப்பி கயிற்றுக்கு மேலே கையை நீட்டியது, அவளும் நீட்டினாள். மேலே குனிந்து நின்ற ரெஜினா மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரெண்டாவது, டீம்ல வந்துட்ட, அதுக்கு ஏன்ட்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்க என்று கேட்டார். அவள் ஏணியில் ஏறினாள், கால் தன்னுடையதாக இல்லை, மிஸ் என் போன் என்றாள். முதல்ல தண்ணியக் குடி, துண்டப் போத்து என்றார் மிஸ். போன் மிஸ் என்றாள் மறுபடியும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மிஸ் ஜிப்பைத் திறந்தார்.

அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். பாதியில் வச்சிட்டியே, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், சாப்பிட்டியா என்று ஆரம்பித்தாள். ஆவுடை இடைமறித்து, "எம்மா, அப்பா எதத் தலமுழுவினாவ?" என்று கேட்டாள்.  அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒங்க பெரியப்பாவத்தான்" என்றாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நேற்று ராத்திரி பெரியப்பா போன் பண்ணியிருக்கிறார், பிள்ளையை அடுத்த ரயிலில் திரும்பக் கூப்பிடு, இல்லாவிட்டால் நான் சொன்னது சொன்னதுதான் என்று. அப்பா விடியட்டும் அண்ணே என்று மட்டும் சொல்லியிருக்கிறார். விடியுமுன்னே எழுந்து சட்டையை மாட்டியவரிடம் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, எட்டு மணிக்கு அவ தண்ணிக்குள்ள எறங்குவா, அதுக்கு முந்திச் சொல்லிட்டு வந்திருதேன் என்றாராம். பெரியப்பா வீட்டு வாசலில் நின்றே பேசியிருக்கிறார், உள்ளே போகவில்லை. கடைச் சாவியைப் படியில் வைத்திருக்கிறார். பெரியம்மா காப்பி கொண்டுவந்தாளாம், குடிக்கவில்லையாம். அங்கிருந்து நேரே குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முங்கி எழுந்து, உடுத்திய துணியோடு நடந்தே வீட்டுக்கு வந்து நின்றாராம். எண்ணிப் பார்த்தேன், எனக்குக் கல்யாணமாகி இத்தன வருஷத்துல இந்த மனுஷன் அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசினதே இல்லயேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் என்றாள் அம்மா.

பெரியப்பா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார் என்று ஆவுடைக்குத் தோன்றியது. படியில் கிடந்த சாவியை எடுத்திருப்பாரா, அது அங்கேயே கிடக்குமா. யாரும் சாகவில்லை. எல்லாரும் இருக்கிறார்கள். "அப்பா அழுதாவளாம்மா?" என்று கேட்டாள். "ஆத்துல முங்கிட்டு வந்த மூஞ்சியில நான் எதக் கண்டேன்" என்றாள் அம்மா. இப்பவும் ஈரத்தோடதான் நிக்காவ, துண்ட நீட்டினா வாங்க மாட்டேங்காவ, மாத்துத்துணி எடுத்து வச்சா தொட மாட்டேங்காவ, காய்ச்சல் வந்தா யாரு பாக்கது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். கை மாறுகிற சத்தம், அப்புறம் மூச்சுச் சத்தம். அப்பா ஹலோ சொல்லமாட்டார், எப்போதும் மூச்சுத்தான். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லவேண்டியது நிறைய இருந்தது, அண்ணனிடம் போங்கள் என்று சொல்லலாம், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கலாம், தண்ணீருக்குள் தான் நினைத்த ஒன்றைச் சொல்லவே முடியாது. அவள் முழங்கையிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் சின்னக் குட்டையாகப் பரவி, மிஸ்ஸின் செருப்பைத் தொட்டு வளைந்து போனது.

"எப்பா, தலையத் தொவட்டுங்க" என்றாள்.

 போனை ஜன்னல் படியிலோ எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்டது. துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மயிரில் துணி உரசுகிற சத்தம், முதலில் மெதுவாக, பிறகு சின்னப் பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி பரபரவென்று. அடுத்த போட்டிக்கு ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது. ஆவுடை ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, போனை மறு காதோடு அழுத்திக்கொண்டு, அது முடிகிறவரை கேட்டுக்கொண்டு நின்றாள்.